எண்பத்து நான்காம் வசனம்

மார்ச் 5, சாம்பல் புதன்

இந்த நோட்டு போதகர் மனைவி ஐயரம்மா கொடுத்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருபத்தாறு பேருக்கும் ஆளுக்கொன்று. லெந்து என்கிற, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது உபவாச நாளும் ஒவ்வொருத்தியும் ஒன்றை விட வேண்டும். சோதனை வருகிறபோது எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று அன்றன்று எழுத வேண்டும். யாரும் வாசிக்க மாட்டார்களாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோணும். கோணட்டும்.

பக்கத்து வீட்டு டெய்சி மீனை விட்டாள். கோயிலில் போதகருக்கு உதவியாயிருக்கும் உபதேசியாரின் மனைவி டிவி நாடகத்தை விட்டாள். ஒருத்தி காப்பியை விட்டாள்; வீடு போய்ச் சேருவதற்குள் தலைவலி வந்துவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள். என் முறை வந்தது. வெற்றிலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து கிருபாவதி, ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், கோயில் முழுக்கக் கேட்கும்படி:

"எப்சிபாய் எதை விடப்போறா? பழசைப் பேசுறதை விடச் சொல்லுங்க ஐயரம்மா. ஊருக்கே உபவாசம் இருந்த புண்ணியம் கிடைக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். டெய்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நான் பார்த்தேன்.

"விட்டேன்!" என்றேன். "ஈஸ்டர் விடியும்வரைக்கும் ஒருத்தர் செஞ்ச பழைய குத்தத்தையும் என் வாய் சொல்லாது. போதுமாளா?"

சிரிப்பு டக்கென்று நின்றது. கிருபாவதியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த முகத்துக்காக இன்னும் நாற்பது நாள் சேர்த்துக்கூட இருக்கலாம்.

வசனம்: கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்.

மார்ச் 6, வியாழன்

வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் பொருத்தனை. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை எழுதிவிட்டால் நெஞ்சு லேசாகும்.

1966 மார்ச் 26, சனிக்கிழமை. கோயில் வாசல் வேம்பு பூத்திருந்தது. எனக்குப் பதினொரு வயது, கிருபாவதிக்கும் அதே. வெளியூர் போர்டிங் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு இலவச இடம். நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் நூற்றெழுபத்தாறு வசனத்தையும் பார்க்காமல் சொல்லுகிற பிள்ளைக்கு அது. கேட்க வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா வந்திருந்தாள், கறுப்புக் குடையோடு. எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது மாசிலாமணி வாத்தியார். கிருபாவதியின் அப்பா.

அவள் முதலில் சொன்னாள். எண்பத்து மூன்றில் நின்றுவிட்டாள். வாத்தியார் மிஸ்ஸியம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. பு, கை. "புகையிலுள்ள துருத்தியைப்போலானேன்" என்று இவள் பிடித்துக்கொண்டாள். மிஸ்ஸியம்மா பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பிறகு என் முறை. சொன்னேன். போர்டிங் அவளுக்குக் கிடைத்தது. எனக்கு விடிலி கிடைத்தது, பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசை. என் அம்மா கிண்ட நான் அடுப்பு எரித்தேன். புகையில் சுருங்கிப்போன தோல்பை, அந்தத் துருத்தி யார்? அவளா, நானா?

இதை ஐம்பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், கிணற்றடியில் சொல்லியிருக்கிறேன், அவள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன அன்றைக்கு அவள் வீட்டு வாசலிலேயே சொல்லியிருக்கிறேன். "எங்க அப்பா அப்படிப்பட்டவங்க இல்லை" என்று அவளும் ஐம்பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவருகிறாள்.

எழுதியாகிவிட்டது. நெஞ்சு லேசாகவில்லை. இடியாப்பத்துக்கு மாவு வறுக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

ஜெயம்! மூன்று ஜெயம்!

ஒன்று, பால்காரனிடம். அவன் அப்பா 1991-இல் பாலில் தண்ணீர் ஊற்றினது வாய்வரை வந்தது. விழுங்கினேன். இரண்டு, டெய்சியிடம். அவள் என் அண்டாவை வாங்கிப்போய் நசுக்கிக் கொடுத்தது. விழுங்கினேன். மூன்று, மருமகள் பிரிசில்லாவிடம். அது அவள் கல்யாணத்தன்று அவள் சித்தி சொன்ன ஒரு சொல். கழுத்துவரை வந்து திரும்பிப் போனது.

எப்படியென்றால், நாக்கு அரித்த உடனே நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தை ஆரம்பித்துவிடுகிறேன். "உத்தம மார்க்கத்தார் பாக்கியவான்கள்" என்று முதல் பகுதியான ஆலெப்பைப் பிடித்தால் ஒன்றன்பின் ஒன்றாக ரயில்பெட்டி மாதிரி வரும். கோபம் தண்டவாளத்தைத் தாண்ட இடமே கிடையாது. பதினோராம் வசனமே இதற்குத்தானே எழுதியிருக்கிறது: உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன். ஐம்பத்தொன்பது வருஷம் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன். இப்போதுதான் எடுத்துப் புழங்குகிறேன். எழுபது வயதில் புதுக் கத்தி கிடைத்தமாதிரி இருக்கிறது!

மார்ச் 9, ஞாயிறு

பெரிய விசேஷம். ஆராதனை முடிந்து வருகிறேன், டெய்சி வீட்டில் சாளைமீன் பொரிகிற வாசனை.

"ஏட்டி டெய்சி, லெந்துல்லா!"

"ஞாயித்துக்கிழமை லெந்து கணக்குல சேராது எப்சியக்கா. நாப்பது நாளை எண்ணிப் பாருங்க. ஞாயிறை விட்டாத்தான் நாப்பது."

எண்ணினேன். சரிதான்! உயிர்த்தெழுந்த நாள், அன்றைக்கு உபவாசம் கிடையாது. இதை ஏன் எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை?

மத்தியானச் சாப்பாட்டிலிருந்து விளக்கு வைக்கும்வரை பிரிசில்லாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். பால்காரன், அண்டா, சித்தியின் சொல், 1983-இல் கோயில் அசனப் பண்டிகைச் சாப்பாட்டில் நடந்தது, கடைசியில் 1966. பேத்தி செரின்கூட வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். என்ன சுகம்!

மார்ச் 10, திங்கள்

நேற்றுச் சொன்னதெல்லாம் தின்ற மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. பிரிசில்லா தன் சித்தியோடு போனில் பேசவில்லை. என்னோடும் பேசவில்லை.

இன்றைக்கு ஒன்றும் ஜெயிக்கவில்லை. யாரும் எதிரே வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

லெந்துக் கூட்டம் கிருபாவதியின் வீட்டில். வேண்டுமென்றே என்னை அவள் அப்பா படத்துக்கு நேரே உட்காரவைத்தாள். வாத்தியாருக்குக் கோட்டு, தலைப்பாகை, இறுக்கிய உதடு. படத்தில் உதடு அசையவில்லை.

சுண்டல் கொடுக்கும்போது குனிந்து, "என்ன எப்சி, படத்தைப் பார்த்தா ஒண்ணும் ஞாபகம் வரலையா?" என்றாள்.

நான் ஆரம்பித்தேன்: "உத்தம மார்க்கத்தார் பாக்கியவான்கள்..."

டெய்சி கத்தினாள்: "அய்யோ, எப்சியக்கா ஆலெப் ஆரம்பிச்சுட்டா! உள்ளே சண்டை நடக்கு! யாரும் கிட்டப் போயிராதீங்க!"

எல்லாரும் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன். சுண்டல் வாயிலிருந்து தெறித்தது. கிருபாவதி மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பிடித்தபடியே நின்றாள். நான் திட்டுவேன் என்று காத்திருந்தவள்மாதிரி இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்குப் பேசலாம். பேசவில்லை. முடியாமல் அல்ல. வேண்டாம் என்று. பிரிசில்லாவிடம், "உன் சித்திக்குப் போன் பண்ணு. அவ சொன்னதை நான் மறந்துட்டேன்" என்றேன்.

"நீங்களா மாமி? மறந்திட்டீங்களா?"

பொய்தான். ஆனால் போன் பண்ணினாள்.

மார்ச் 22, சனி

சந்தோஷத்தில் எழுத்து இன்னும் கோணுகிறது! போதகர் ஐயரே வீட்டுக்கு வந்தார்கள். காப்பி குடித்தார்கள். விஷயம் இது: ஞாயிறு பள்ளிக்குக் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாசிலாமணி வாத்தியார் பேரை வைக்கிறார்களாம். குருத்தோலை ஞாயிறு மாலை திறப்பு. வாத்தியாரிடம் படித்தவர்களில் இப்போது ஊரில் மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்று அவர் மகள். மகளே அப்பாவைப் புகழ்ந்தால் நன்றாக இருக்காது.

"அதனால நீங்கதான் பேசணும் பாட்டி. அவங்க உங்களுக்கு எப்படி வசனம் சொல்லிக்கொடுத்தாங்கன்னு. பத்து நிமிஷம். மைக்ல."

மைக்! ஊர் முழுக்க! குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள், கீழத்தெருவரைக்கும் கேட்கும்!

அதிலும் ஞாயிற்றுக்கிழமை. லெந்தில் சேராத நாள்.

"வாரேன் ஐயா" என்றேன்.

வசனம் எழுத மறந்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

இதே தேதி. நான் மறப்பேனா? அவளும் மறக்கவில்லை. பதினொரு மணிக்குக் கிருபாவதி என் வீட்டு வாசலில். என் வீட்டுப் படி ஏறி அவளுக்கு இருபது வருஷம் ஆகிறது. கடைசியாக வந்தது என் வீட்டுக்காரர் இறந்த அன்று.

"பேசப்போறியாமே."

"கூப்பிட்டாங்க."

"என்ன பேசுவே?"

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கீரையைப் பார்த்துக்கொண்டே, "உத்தம மார்க்கத்தார்..."

"ஏ, நிறுத்துளா!" அவள் குரல் உடைந்தது. "வசனத்தைக் கேடயம் மாதிரிப் பிடிச்சுக்கிட்டு உட்காராதே! திட்டு. எப்பவும்போலத் திட்டு. இருபது நாளா நீ வாயைத் திறக்கல்லே, எனக்குச் சோறு இறங்கல்லே. நீ சொல்லும்போது நான் இல்லேன்னு சொல்லுவேன், அதோட போயிரும். இப்போ நீயும் சொல்லல்லே, நானும் இல்லேன்னு சொல்லல்லே. அது சும்மா என் வீட்டுக்குள்ளே உட்கார்ந்துகிட்டு இருக்கு."

"எது?"

அவள் செருப்பை மாட்டினாள். கேட் அருகே திரும்பி, "எங்க அப்பா செத்து நாப்பத்தோரு வருஷம் ஆச்சு எப்சி. அவங்களுக்கு வேற ஒண்ணும் இல்லே. அந்தப் பேரு மட்டுந்தான்" என்றாள்.

போய்விட்டாள். கீரையில் காம்பு, இலை எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறேன். பிரிசில்லா திரும்ப உருவினாள்.

மார்ச் 27, வியாழன்

பிசாசுக்கும் வசனம் தெரியும். கர்த்தரையே வனாந்தரத்தில் வசனம் சொல்லித்தானே சோதித்தான்! எனக்கு இன்றைக்கு அதே வேலை.

தோசை சுடுகிறேன், காதுக்குள் சொல்லுகிறான்: சத்தியம் உங்களை விடுதலையாக்கும். துணி துவைக்கிறேன்: வெளியாகாத இரகசியமில்லை. தலைமுடி கோதுகிறேன், தாவீதின் சாப சங்கீதம் முழுசும் வருகிறது, ஒரு எழுத்துப் பிசகாமல். "நான் பொய் சொல்லச் சொல்லுதேனா? உண்மையைத்தானே சொல்லச் சொல்லுதேன்" என்கிறான். நல்ல வக்கீல்!

நானும் விடவில்லை. அவன் ஒன்று போட்டால் நான் ஒன்று போட்டேன். நீதிமொழிகள்: உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே. அவன் அடங்கினான். ஐந்து நிமிஷம்.

ஏப்ரல் 2, புதன்

ஐயரம்மா பேச்சை எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எழுத என்ன இருக்கிறது? மனதில் இருக்கிறது. எழுந்து, மைக்கைப் பிடித்து, சங்கீதத்தில் "கப்" என்கிற பகுதியை எண்பத்தொன்றாம் வசனத்திலிருந்து சொல்லுவேன். வாத்தியார் கற்றுத்தந்தது என்பேன். எல்லாரும் ஆஹா என்பார்கள். எண்பத்து மூன்றில் நிறுத்துவேன். நிறுத்தி, கிருபாவதியைப் பார்ப்பேன். "இந்த இடத்தில் என்ன நடந்தது தெரியுமா?" என்பேன்.

நான் சொல்லப்போகிறேன் என்று எழுதவில்லை. சொன்னால் எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பாத்திரம் கழுவிக்கொண்டே சங்கீதம் சொன்னேன். பக்கத்தில் பிரிசில்லா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஒண்ணு கேக்கட்டுமா? எப்பவும் எம்பத்து மூணுலேயே நின்னுருதீங்க. ஒருநாள் பால் பொங்குதுன்னு போனீங்க. ஒருநாள் கதவை யாரோ தட்டுதாங்கன்னு போனீங்க, யாருமே இல்லை. இன்னைக்கு நேரா எம்பத்தஞ்சுக்குத் தாவிட்டீங்க."

"உனக்குக் காது கேக்கல்லே."

"பைபிளைத் திறந்து வச்சுத்தான் மாமி கேட்டேன்."

ஏப்ரல் 5, சனி

இட்லிக்கு அரைத்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

புதுக் கட்டடத்தில் பேர்ப்பலகை மாட்டிவிட்டார்கள். துணியால் மூடியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். காற்றில் துணி விலகி "வாத்தியார்" மட்டும் தெரிந்தது. என் பிரம்படிக் காயம், என் முதல் எழுத்து, என் முதல் வசனம் எல்லாம் அந்த ஆளிடம்தான். என் அப்பாவுக்கு என்னைப் பள்ளிக்கு அனுப்ப மனமில்லாதபோது பனையடிக்கே வந்து கேட்டுக் கூட்டிப்போனதும் அந்த ஆள்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏன் சொல்ல வேண்டும்? யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

சேலை தேய்த்தாகிவிட்டது. பட்டுதான். மூக்குக்கண்ணாடி துடைத்தாகிவிட்டது. நாளைக்கு ஞாயிறு. பொருத்தனை கிடையாது, காவல் கிடையாது, கதவு திறந்து கிடக்கிறது!

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். கை வேகமாகப் போகிறது, மன்னிக்கவும்.

காலையில் பவனி. குருத்தோலை பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடி ஊரைச் சுற்றினோம். மாலை நாலரைக்குத் திறப்பு. பந்தல், குழாய், முந்நூறு நாற்காலி. ஐயர் ஜெபித்துத் துணியை இழுத்தார்கள். கைதட்டல். என் பேரைக் கூப்பிட்டார்கள்.

மைக் என் உயரத்துக்கு எட்டவில்லை, உபதேசியார் இறக்கினார். எதிரே ஊர். இரண்டாம் வரிசையில் கிருபாவதி, மடியில் குருத்தோலைச் சிலுவை. அதைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க வாத்தியார் சொல்லித்தந்தது" என்றேன். குழாயில் என் குரல் கீழத்தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தது. "என் ஆத்துமா உம்முடைய இரட்சிப்புக்குத் தவிக்கிறது" என்று பிடித்தேன். எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. "புகையிலுள்ள துருத்தியைப்போலானேன், உமது பிரமாணங்களையோ மறவேன்." எண்பத்து மூன்று.

எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். கதை என் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. ஐம்பத்தொன்பது வருஷம் காத்திருந்த இடம் இதுதான்! சத்தியம் விடுதலையாக்கும் என்கிறான் காதுக்குள். சொல்லு, சொல்லு, ஞாயிறுதானே!

கிருபாவதியைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழப்போகிற பிள்ளை மூடுமே, அப்படி. பதினொரு வயதுப் பிள்ளையாக இருந்தாள்.

வேண்டாம் ஆண்டவரே என்றேன் உள்ளுக்குள். இந்த லெந்து முழுக்க எப்படித் தப்பித்தேனோ அப்படியே தப்பிக்கிறேன். கதை வேண்டாம், வசனத்தைத் தொடருகிறேன். அடுத்த வசனத்தைப் பிடித்தால் கரையேறிவிடுவேன். வாயைத் திறந்தேன்.

அடுத்த வசனம் இல்லை.

இல்லவே இல்லை. கையை நீட்டினால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. முந்நூறு பேர். யாரோ இருமினார்கள். ஐயர் என்னைப் பார்க்கிறார்கள்.

அப்போது கிருபாவதி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் உதடு அசைந்தது.

சத்தமில்லாமல். உ, ம, து.

அப்படியே அவள் அப்பாவின் முகம்! அதே உதடு! அந்த முகத்தை நான் இதற்கு முன்பே இப்படிப் பார்த்திருக்கிறேன். அவளைப் பார்த்து அசைந்ததை அல்ல. என்னைப் பார்த்து அசைந்ததை.

அன்றைக்கு நானும் நின்றுபோனேன். எண்பத்து நான்கில். கோபத்தில். அவளுக்கு உதடு அசைந்ததைப் பார்த்த கோபத்தில் அந்த ஒரு வசனம் எரிந்துபோயிற்று. வாத்தியார் அதே இடத்தில் நின்று எனக்கும் அசைத்தார். உ, ம, து. மகளுக்கு அசைத்ததைவிட மெதுவாக, பெரிதாக. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். உன் பிச்சை எனக்கு வேண்டாம் என்று. மிஸ்ஸியம்மா கொஞ்சநேரம் காத்திருந்தாள், பிறகு குடையை எடுத்தாள்.

இந்த நோட்டில்கூட எழுதாமல் தாண்டினேன். "சொன்னேன்" என்று எழுதினேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது.

இன்றைக்குக் கண்ணை மூடவில்லை. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். "உமது அடியேனின் நாட்கள் எம்மாத்திரம்?" குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. குழாய் கிணுகிணுத்தது. அதோடு எண்பத்தெட்டுவரை ரயில் ஓடியது!

முடித்துவிட்டு, "ஒண்ணு சொல்லணும்" என்றேன். கிருபாவதியின் கையிலிருந்த சிலுவை கீழே விழுந்தது.

"இந்த வசனத்துல நான் சின்னப்பிள்ளையில நின்னுபோனேன். எங்க வாத்தியார் உதட்டை அசைச்சு எடுத்துத்தந்தாங்க. பனையேறி மகளுக்கு. எம்மேல இரக்கப்பட்டு. நான் வீம்புக்குக் கண்ணை மூடிக்கிட்டேன். படிப்புப் போனது என் வீம்பாலே. அவங்களாலே இல்லை. அடுத்தவங்க குத்தத்தை ஊரெல்லாம் சொன்னேன், என் குத்தத்தைச் சொல்லல்லே. இவ்வளவுதான்."

அவளுக்கு அசைத்ததைச் சொல்லவில்லை! நாக்கில் இருந்தது. விழுங்கினேன். இந்த லெந்தில் விழுங்கியதிலேயே பெரிய முள் அதுதான். இறங்கியும் விட்டது.

உட்காரப்போனேன். நாற்காலி இழுபடுகிற சத்தம். கிருபாவதி எழுந்து நேராக மைக்குக்கு வந்தாள். உபதேசியார் தடுக்கக்கூட நேரமில்லை.

"எனக்கும் அசைச்சாங்க" என்றாள். "எம்பத்து மூணுல. எப்சிபாய் சொன்னது நிசம். நாந்தான் இல்லேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்பா ரெண்டு பேருக்கும் அசைச்சாங்க. நான் எடுத்துக்கிட்டேன், இவ எடுக்கல்லே. அவ்வளவுதான் வித்தியாசம்."

பலகையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஐயர் எழுந்து தொண்டையைச் செருமினார்கள். "பிழை விட்ட வாத்தியார் பேரு பிழை விடுற பிள்ளைங்க படிக்கிற இடத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்" என்றார்கள். டெய்சிதான் முதலில் கைதட்டினாள். பிறகு எல்லாரும்.

கிருபாவதி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கீழே குனிந்து சிலுவையை எடுத்து, ஊதி, என் மடியில் போட்டாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேரம் ஆராதனை. சிலுவையில் கர்த்தர் சொன்ன ஏழு வார்த்தைகள். முதல் வார்த்தை, பிதாவே இவர்களுக்கு மன்னியும். அதைத் தாண்டி என் காதில் ஒன்றும் விழவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

உயிர்த்தெழுந்தார்! மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!

நாலரை மணி ஆராதனைக்கு நாலுக்கே போய் முன்வரிசை பிடித்தேன். மணி அடித்தது, வெடி போட்டார்கள், வெளியே வரும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. வாசலில் கிருபாவதி காத்து நின்றாள்.

"லெந்து முடிஞ்சிட்டு எப்சி. உன் வாய்க்கு விடுதலை. தொடங்கு."

யோசித்தேன். எங்கே ஆரம்பிப்பது! நாற்பது நாள் பூட்டியிருந்த கடை!

"1983 அசனப் பண்டிகையிலே பந்தி பரிமாறினியே. எனக்கு எலும்பு மட்டும் போட்டே."

"அது நான் இல்லேளா! அது எங்க சின்ன அத்தை மக!"

"நீதான். கையிலே பச்சை வளையல். ரெண்டு எலும்பு. ஒண்ணுலே கறியே இல்லை."

"பச்சை வளையல் எங்கிட்ட இருந்ததே இல்லை."

"மூணு இருந்தது. ஒண்ணு உடைஞ்சது."

தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "அய்யோ, ஆமாளா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஊர் திரும்பிப் பார்த்தது.

மத்தியானம் சாப்பிட என் வீட்டுக்குக் கூப்பிட்டேன், வந்தாள். பிரிசில்லா வாழையிலை போட்டாள். பரிமாறியது நான். சத்துரு பசியாயிருந்தால் போஜனங்கொடு என்றுதானே இருக்கிறது! ஈரல், தொடைக்கறி, கொழுப்பு என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். மேலே ஒரே ஒரு எலும்பும் போட்டேன். கறியே இல்லாத எலும்பு. போடக்கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை.

அவள் அந்த எலும்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எடுத்துக் கடித்தாள்.

வசனம், பார்க்காமல் எழுதுகிறேன்: உமது அடியேனின் நாட்கள் எம்மாத்திரம்?